ஆளி களைப்படைவதேன்?

2002ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் திகதி, அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் வைத்தியசாலையின் கணினி வலையமைப்பு ஸ்தம்பித்தது. நாட்கணக்கில் அது சீராகவில்லை. வைத்தியர்கள் மருந்துக் கட்டளைகளைத் தாளில் எழுதினர். ஆய்வுகூட முடிவுகளை ஆட்கள் கையிற் கொண்டு ஓடினர்.

வலையமைப்பின் சந்திகளில் நிற்பது ‘சுவிச்’ என வழங்கும் ஆளி. தரவுப் பொதிகளை உரிய வாசலால் அனுப்புவது அதன் தொழில். ஆயினும் அவ்வேலையை அதன் மூளையாகிய புறொசெசர் செய்வதில்லை. அதற்கெனத் தனிச் சில்லுகள் உள. நேயர்கள் தபாற்கந்தோரை எண்ணிப் பார்க்கலாம். கடிதம் பிரிப்போர் வேறு, தபாலதிபர் வேறு. பொது அறிவித்தலும் அயற்கந்தோரின் செய்தியுமே தபாலதிபரின் மேசைக்கு வரும். ஆகவே புறொசெசர் நூற்றுக்கு 90 பங்கு வேலையில் மூழ்கியிருப்பின், வரத்தகாதவை அம்மேசையிற் குவிகின்றன என்பதே பெரும்பாலும் பொருள்.

குவிப்பது யாது? பல வேளைகளில் வளையம். ஒரு வடம் அறுந்தால் மற்றது உதவட்டுமென ஆளிகளுக்கிடையே இரட்டைப் பாதை இடுவர். இரண்டும் ஒருங்கே திறந்திருந்தால் பொது அறிவித்தல் சுற்றிச் சுற்றிப் பெருகும். ஈதர்நெற் பொதிக்கு ஆயுள் வரம்பு கிடையாது. இதனைத் தடுக்க ரேடியா பேர்ள்மன் அம்மையார் 1985இல் ஒரு முறையை வெளியிட்டார். அதன்வழி ஆளிகள் வழமையாக 2 செக்கனுக்கு ஒருமுறை செய்தி அனுப்பி, மேலதிகப் பாதையை அடைத்து வைக்கும். 20 செக்கன் செய்தி வராவிடில், பாதை அறுந்ததென எண்ணி அயல் ஆளி அடைத்ததைத் திறக்க முற்படும். வினை இங்கேதான். களைத்த ஆளி செய்தி அனுப்பத் தவறுகிறது, அயலில் கதவு திறக்கிறது, வளையம் பிறக்கிறது, களைப்பு இன்னும் மிகுகிறது.

பொஸ்டனில் ஓர் ஆராய்ச்சியாளரின் பெருந்தொகைத் தரவு மத்திய ஆளியொன்றைப் பற்றிக்கொண்டது. மாற்றுப் பாதைகள் திறந்து வளையம் உண்டாயிற்று. துண்டு துண்டாக இணைத்து வளர்ந்த வலையமைப்பு அது.

களைத்த ஆளியின் மின்னை அணைத்துப் போடுவது எளிது. ஆனால் தடயம் அழிந்துவிடும். சில செக்கன் ஏற்றம் இயல்பே. ஐந்து நிமிடச் சராசரியும் உயர்ந்திருந்தாற்றான் கவலை. சிஸ்கோ ஆளிகள் பலவற்றில் 95/60 என்றாற்போல் இரு எண்கள் தோன்றும். முன்னது மொத்த உழைப்பின் வீதம். பின்னது வந்து விழும் பொதிகளை ஏற்பதிற் செலவானது. பின்னது பெரிதாயின் பொதுவாக வலையமைப்பிலும், சிறிதாயின் ஆளியினுள் ஓடும் பணிகளிலும் காரணத்தைத் தேடல் வேண்டும். ஒரே கணினியின் முகவரி இரு வாசல்களில் மாறி மாறித் தோன்றுமாயின் அது வளையத்துக்கு வலிய சான்று. அவற்றுள் ஒன்றின் வடத்தைக் கழற்றி எண்ணைக் கவனிக்க வேண்டும். எண் இறங்கினால், வடத்தின் மறுமுனை எந்த அறையில் முடிகிறதென நடந்து பார்ப்பதே மிச்சம். மேசைக்கடியில் யாரோ நன்மனத்தோடு செருகிய சிறு ஆளியொன்று அங்கே கிடக்கக்கூடும்.