கம்பியைத் தொட்டால் கூடும் இரைச்சல்

தம்புள்ளையில், ஏ9 வீதியோரம் நான் தங்கியிருக்கும் அறையில், பழைய பிஸ்கட் தகரத்துக்குள் ஒரு கிற்றார் அம்பிளிபயர் செய்தேன். மருமகனுக்குப் பரிசாகக் கொடுக்கத்தான். எட்டுக் கால்கள் கொண்ட எல்எம்386 என்ற சிறிய சிப், 9 வோல்ட் பற்றரி, ஒரு ஸ்பீக்கர், சில உதிரிப்பாகங்கள். அவ்வளவுதான். சுவிட்சைப் போட்டதும் கிற்றார் சத்தத்தை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல்.

அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

அவர் ரேடியோ திருத்துபவர். யுத்த காலத்தில் வடக்குக்குப் பற்றரி கொண்டுபோகத் தடை இருந்தபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. 2009இல் வன்னியில் ஆயுதப்பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். (ஆயுதம் என்று அவர் சொல்வது குறடையும் சோல்டரிங் அயனையும். அந்தச் சொல்லை இன்று வெளியில் சொல்ல அவருக்கே பயம்.) அதற்குப் பிறகு ஒரு வயரைக்கூட அவர் தொட்டதை நான் காணவில்லை.

"போனை ஸ்பீக்கருக்குக் கிட்டப் பிடி பிள்ளை" என்றார். கேட்டுவிட்டு, "அடப்டரிலயோ பற்றரியிலயோ ஓடுது?" என்றார். அடப்டரில் போட்டிருந்தேன். பற்றரிக்கு மாற்றினேன். இரைச்சல் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. ஆகவே பிழை மின்வழங்கலில் மட்டும் இல்லை.

"இப்ப கம்பியைத் தொடு."

தொட்டதும் இரைச்சல் கூடியது. அவர் சிரித்தார்.

கிற்றார் கேபிளுக்குள் இரண்டு வழிகள் உண்டு. நடு வயரில் ஒலிச் சமிக்ஞை வரும்; அதைச் சுற்றியுள்ள பின்னல்தான் பூமி. கிற்றாரின் இரும்புக் கம்பிகளும் உள்ளே இந்தப் பூமியோடுதான் இணைந்திருக்கும். அதனால் சரியான இணைப்பில் கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைய வேண்டும். கூடினால் இரண்டும் இடம்மாறிக் கிடக்கலாம். அப்போது நம் உடம்பே அன்ரனா ஆகிவிடும். சுவருக்குள் ஓடும் 230 வோல்ட் மின்சாரம் வினாடிக்கு 50 தடவை அலைவதை உடம்பு வாங்கி உள்ளே கொடுக்கும். முதலாம், எட்டாம் கால்களுக்கிடையே 10 மைக்ரோபரட் கப்பாசிற்றர் போட்டால் இந்தச் சிப் வருவதை 200 மடங்காக்கும். நான் போட்டிருந்தேன்.

கேபிளைக் கழற்றிவிட்டுத் தகரத்தைத் தொடச் சொன்னார். அப்போதும் கூடியது. ஜெக்கின் வெளி உலோகம் தகரத்தில் முட்டிக்கொண்டிருந்தது. பூமி வயர் போகவேண்டிய அந்தக் காலில் நான் சமிக்ஞை வயரைச் சோல்டர் பண்ணியிருந்தேன். தகரம் முழுவதுமே அன்ரனா!

இரண்டு வயர்களையும் மாற்றிப் பற்றவைக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஒரு எச்சரிக்கை. இப்படித் தொட்டுப் பார்ப்பது பற்றரியில் ஓடும் பெட்டிக்கு மட்டும். பழைய வால்வு அம்பிளிபயர்களில் பிளக்கைக் கழற்றிய பிறகும் கப்பாசிற்றரில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கி நிற்கும். தெரியாதவர்கள் திறக்கவே வேண்டாம்.

திரும்பவும் போனைக் கிட்டப் பிடித்துக் கம்பியைத் தொட்டேன். இரைச்சல் அடங்கியது. அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு கேட்டார்: "அங்க மரக்கறிச் சந்தையில இருந்து இஞ்சால லொறி வரும்தானே? 25 வாட் அயன் ஒண்டு வாங்கிக் குடுத்துவிடு. ஈயமும் கொஞ்சம்."