மேகமலை பல்லுயிர்ப் பாதுகாப்பு

மேகமலை, தேனி மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் கிழக்கே அமைந்துள்ள மலைப்பகுதியாகும். ஆங்கிலேயர் காலத்தில் இடப்பட்ட 'ஹைவேவிஸ்' என்ற பெயரும் வழக்கில் உள்ளது. சின்னமனூரிலிருந்து இதற்குச் சாலை செல்கிறது. மலைமேல் தேயிலைத் தோட்டங்களும் மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு முதலிய நீர்மின் அணைகளும் உள்ளன. அவற்றைச் சூழ்ந்து மழைக்காடுகளும் சோலைக்காடுகளும் உள்ளன.

உயிரினங்கள்

யானை, புலி, காட்டெருமை, வரையாடு, சிங்கவால் குரங்கு, நீலகிரி கருமந்தி, மலை இருவாட்சி ஆகியவை இங்கு வாழ்கின்றன. 1940களில் இங்கு தோட்டத்தில் பணியாற்றிய இயற்கை ஆர்வலர் ஆங்கஸ் ஹட்டன் 1948 இல் ஒரு வௌவாலைச் சேகரித்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அது சாதாரண பழந்தின்னி வௌவால் என்றே கருதப்பட்டு அருங்காட்சியகத்தில் இருந்தது. 1972 இல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அதை ஆராய்ந்து, புதிய பேரினம் என்று அறிவித்தார். பறவையியலாளர் சலீம் அலியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே வாழும் இந்த வௌவால், இன்று அருகிய இனமாகும். ஹட்டனின் பெயரைத் தாங்கிய குழிவிரியன் பாம்பும் இம்மலையிலிருந்தே 1949 இல் விவரிக்கப்பட்டது.

காடும் ஆறும்

வைகை வருசநாட்டு மலைகளில் தோன்றுகிறது. அதன் மேற்பகுதி மூல வைகை எனப்படும். மேகமலையின் மேற்குச் சரிவு நீர் சுருளியாற்றில் சேர்கிறது. பெரியாறு அணையிலிருந்து (1895) சுரங்கம் வழியாக வரும் நீரும் முல்லையாறாகி வைகையை அடைகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் சாகுபடி இந்த நீரையே நம்பியுள்ளது. அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதி கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தில் உள்ளது. எனவே, மாநில எல்லையின் இருபுறக் காடுகளும் பள்ளத்தாக்கின் விவசாயத்தோடு தொடர்புடையவை. காட்டு மண்ணும் வேர்களும் மழைநீரை உறிஞ்சி மெல்ல வெளியிடுகின்றன. மரங்கள் குறைந்த சரிவில் மழை வெள்ளமாக ஓடிவிடுவதால், பின்னர் ஓடை வறண்டுபோகிறது.

சட்டப் பாதுகாப்பு

2021 பிப்ரவரியில் மேகமலை வனவிலங்கு சரணாலயமும் திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயமும் (1988) இணைக்கப்பட்டு, திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. இது இந்தியாவின் 51 ஆவது, தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். பரப்பு சுமார் 1,016 சதுர கிலோமீட்டர். மேற்கே பெரியாறு காப்பகத்துடன் இது தொடர்ச்சியாக இருப்பதால், புலிகளும் யானைகளும் இரு மாநிலக் காடுகளுக்கிடையே இடம்பெயர முடிகிறது.

சிக்கல்கள்

வருசநாட்டு மலைப்பகுதியில் சமவெளியிலிருந்து சென்றவர்கள் பல பத்தாண்டுகளாக இலவம், முந்திரி, எலுமிச்சை பயிரிட்டு வருகின்றனர். வன உரிமைச் சட்டம் 2006, பளியர் போன்ற பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டில் வாழ்ந்து வந்தால் உரிமை கோர வழி செய்கிறது. பிறர் அத்தேதிக்கு முன் மூன்று தலைமுறைகள், அதாவது 75 ஆண்டுகள், அங்கு வாழ்ந்ததை நிறுவ வேண்டும். இதைக் காட்ட இயலாத குடும்பங்களுக்கு நிலம் வாழ்வாதாரம். வனத்துறைக்கு அதே நிலம் ஆக்கிரமிப்பு. மாற்று நிலமோ வேலையோ இல்லாமல் வெளியேற்றினால் மக்கள் துன்புறுவர். விட்டுவிட்டால் ஆற்றின் பிறப்பிடம் சுருங்கும். இதுவே இங்குள்ள கடினமான கேள்வி.

மற்றொன்று மனித–விலங்கு மோதல். இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் யானை, 2023 ஏப்ரலில் பெரியாறு காப்பகத்தில் விடப்பட்டது. அது மேகமலைக்குள் வந்து, மே 27 அன்று கம்பம் நகருக்குள் நுழைந்தது. காயமடைந்த ஒருவர் பின்னர் உயிரிழந்தார். ஜூன் 5 அன்று மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்டு, களக்காடு–முண்டந்துறை காப்பகத்தில் விடப்பட்டது. வழித்தடங்களில் தோட்டங்களும் குடியிருப்புகளும் பெருகிய பின், ஒரு யானையை இடம் மாற்றுவது சிக்கலையும் இடம் மாற்றுவதாகவே முடியலாம் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

காப்பக அறிவிப்பு முதல் படி மட்டுமே. காட்டின் தொடர்ச்சியைக் காப்பதும், பளியர்களின் உரிமையை உறுதிசெய்வதும், வருசநாட்டுக் குடும்பங்களுக்கு மாற்று வழி காண்பதும், பயிர்ச்சேதத்துக்கு உரிய காலத்தில் இழப்பீடு தருவதும் சேர்ந்தே அதை நிறைவாக்கும்.