ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

1914-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சென்னையில் கப்பலேறி, கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியை அடைந்த சீனிவாச ராமானுஜன், மறு ஆண்டிலேயே லண்டன் கணித சங்கத்தின் வெளியீட்டில் ஒரு நீண்ட ஆராய்ச்சிக் கட்டுரையைப் பிரசுரித்தார். தம்மினும் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு மிகுதியான வகுத்திகளைக் கொண்ட மிகுபகு எண்களே அதன் விஷயம். 12-க்கு ஆறு வகுத்திகள். அதற்குக் கீழ்ப்பட்ட எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. 24, 36, 48, 60 என்று இந்த வரிசை மேலேறிக்கொண்டே போகிறது.

கணிப்பொறி இல்லாத அக்காலத்தில், அவர் 6746328388800 வரையில் இத்தகைய 102 எண்களை வரிசைப்படுத்தினார். அந்த அட்டவணையில் இடம்பெறத் தக்கதாயிருந்தும் இடம்பெறாமற் போன எண் ஒன்று உண்டு: 293318625600, அதாவது 29331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

இதனைப் பகா எண்களாகப் பிரித்தால், 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-உம் 7-உம் இவ்விரண்டு முறையும், 11, 13, 17, 19 ஆகியவை ஒவ்வொரு முறையும் வரக் காண்கிறோம். சிறிய பகா எண்ணுக்குரிய அடுக்கு பெரியதற்குரிய அடுக்கினும் ஒருபோதும் குறையாது என்பதும், 4, 36 என்னும் இரண்டைத் தவிர மற்றெல்லா மிகுபகு எண்களிலும் கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும் என்பதும் அக்கட்டுரையிலேயே நிரூபிக்கப்பட்டவை. விடுபட்ட இந்த எண்ணும் அந்நியதிகளுக்கு முற்றும் அடங்கியே நிற்கிறது. ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், வகுத்திகளின் தொகை 5040 என்று கிடைக்கிறது.

என் உள்ளத்தைப் பெரிதும் கவர்வது இந்த 5040தான். பிளேட்டோ தமது இலட்சிய நகரத்துக் குடும்பங்களின் தொகையாக, பலவகையிலும் பங்கிடத் தக்கது என்ற காரணத்தாலேயே தேர்ந்தெடுத்த எண் அது. அதுவும் மிகுபகு எண்ணே. அதன் வகுத்திகள் 60. அறுபதின் வகுத்திகள் 12. பன்னிரண்டின் வகுத்திகள் 6. ஆறின் வகுத்திகள் 4. இவை யாவும் அதே குலத்தைச் சேர்ந்தவை என்பது எத்துணை ஆச்சரியம்!

இன்னொரு விசேஷமும் உண்டு. 1 முதல் 22 வரையுள்ள எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடுகிற இந்த எண், 23-இடம்தான் முதன்முதலாகப் பணிய மறுக்கிறது. அந்த 23-ஆலேயே இதைப் பெருக்கினால், ராமானுஜன் தம் அட்டவணையை முடித்த 6746328388800 தோன்றி, வகுத்திகளும் இரட்டித்து 10080 ஆகின்றன. அத்தனை தூரம் பிழையின்றிக் கடந்து சென்ற கை, நடுவே ஒன்றைத் தவறவிட்டதனால் அம்மேதையின் பெருமை எள்ளளவும் குறைந்துவிடவில்லை. அவர் நிறுவிய நியதிகளுக்கு அட்டவணை வெறும் உதாரணமே.

உண்மையில் வருந்தத்தக்க விடுபாடு வேறொன்று. அச்சமயம் லண்டன் கணித சங்கம் பொருள் முட்டுப்பாட்டில் இருந்தமையால், அச்சுச் செலவைக் குறைக்கும் பொருட்டு, தாம் எழுதியதில் ஒரு பகுதியை ராமானுஜனே நிறுத்திக்கொண்டார். அச்சில் வந்த பகுதியே 1916-இல் அவருக்குக் கேம்பிரிட்ஜ் பட்டத்தை ஈட்டித் தந்தது. எஞ்சிய பகுதியோ, அவர் மறைந்து எழுபத்தேழு ஆண்டுகள் கழிந்தபின், 1997-இல்தான் பிரெஞ்சுக் கணித அறிஞர் இருவரின் குறிப்புகளோடு அச்சேறியது.