அகச்சிவப்பு ஒளியால் அண்டைக் கருவிகளைக் கண்டறிதல்

கம்பியால் இணைக்கப்பெற்ற இரு கருவிகளுக்கிடையே, செய்தி யாரிடம் செல்கிறது என்னும் ஐயம் எழுவதில்லை. கம்பியில்லா முறையிலோ, எதிரே எந்தக் கருவிகள் உள்ளன என்பதை முதற்கண் அறிந்தாக வேண்டும். இப்பணியைக் கம்ப்யூட்டரின் இயங்குதளம் எவ்வாறு ஆற்றுகிறது என்பதற்கு லினக்ஸ் உட்கருவில் இடம்பெற்றிருந்த அகச்சிவப்புப் பகுதி நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

1993-இல் அமைந்த இர்டா என்னும் சங்கம் இம்முறைக்குரிய பொது விதிகளை வகுத்தது. இதில் பயன்படும் கதிர்களின் அலைநீளம் 850 முதல் 900 நானோமீட்டர் வரை. அவை கண்ணுக்குப் புலப்படா. செய்தி எட்டும் தூரம் பொதுவாக 1 மீட்டரே. ஒளியும் ஒரு கூம்பு வடிவில், நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் ஏறத்தாழ 15 பாகை அளவிற்கே விரிகிறது.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரு கருவி ஒளியை வீசும்போது அவ்வொளியே அதன் வாங்கியைக் கூசச் செய்துவிடும்; ஆகவே, பேசிக்கொண்டே கேட்பது அதற்கு இயலாது. இரு கருவிகள் ஒரே நேரத்தில் விடையிறுத்தால் இரண்டும் குழம்பிவிடும். அக்குழப்பத்தை அவை தாமாக உணர்ந்து நிறுத்தவும் வழியில்லை. எனவே முறைவைத்துப் பேசுதல் இன்றியமையாததாகிறது.

கண்டறியும் முறை

அழைக்க விரும்பும் கருவி முதலில் ஏறத்தாழ அரை வினாடி அமைதியாகக் கேட்கும். வேறு உரையாடல் நிகழவில்லை எனத் தெளிந்தபின், எல்லாக் கருவிகளும் அறிந்த வேகமாகிய வினாடிக்கு 9,600 துடி என்னும் அளவில் அழைப்பு விடுக்கும். பதிலுக்காக 1, 6, 8 அல்லது 16 கால இடங்கள் ஒதுக்கப்படும். லினக்ஸ் இயல்பாக 6 இடங்களை வைத்துக்கொண்டது. அழைப்பைக் கேட்ட ஒவ்வொரு கருவியும் குருட்டாம்போக்கில் ஓர் இடத்தைத் தேர்ந்து, அவ்வெண் கூறப்படும்போது மட்டும் தன் 32 துடி முகவரி, தன் இனம், பெயர் ஆகியவற்றைத் தெரிவிக்கும். இறுதியாக, 255 என்னும் எண் தாங்கிய செய்தியில் அழைத்த கருவி தன்னைப் பற்றிய விவரங்களை அறிவிக்கும். முகவரியும் குருட்டாம்போக்கிலேயே அமைவதால், இரு கருவிகளுக்கு ஒரே முகவரி நேரின், புதியதைத் தேர்ந்துகொள்ளும்படி கேட்கப்படும்.

பயனர் இவ்வசதியை இயக்கியிருந்தால், லினக்ஸ் இயல்பாக 3 வினாடிக்கு ஒருமுறை இத்தேடலை நடத்தி, விடையிறுத்த கருவிகளைப் பட்டியலில் பதிந்துகொள்ளும். 6 வினாடிவரை மீண்டும் குரல் கொடாத கருவியின் பெயர் நீக்கப்படும். ஒருமுறை மோதல் நேர்ந்தாலோ, ஒளியின் குறுக்கே கை சென்றாலோ, உள்ள கருவி இல்லாததாகக் கருதப்படாமலிருக்க இவ்விடைவெளி உதவுகிறது.

எத்தனை இடங்கள் வேண்டும்?

இரு கருவிகள் 6 இடங்களில் தேர்ந்தால், மோதலுக்குரிய வாய்ப்பு ஆறில் ஒன்று. மூன்று கருவிகளாயின், மோதலின்றி முடிவதற்கான வாய்ப்பு 36-இல் 20, அதாவது ஏறத்தாழ 56 விழுக்காடே. இடங்களை 16 ஆக்கினால் இது ஏறத்தாழ 82 விழுக்காடாக உயரும். ஆனால் தேடலுக்கான நேரமும் நீளும். விரைவையும் உறுதியையும் ஒருங்கே முழுமையாகப் பெறுதல் அரிது என்பதே இங்குப் பெறப்படும் பாடம்.

இதனை வகுப்பறையிலும் செய்து காட்டலாம். மூன்று மாணவர்கள் பிறர் அறியாமல் தனித்தனியே ஒரு பகடையை உருட்டி எண்ணை நினைவிற் கொள்ளட்டும். ஆசிரியர் 1 முதல் 6 வரை அழைக்க, தம் எண் வரும்போது அவர்கள் தம் பெயரைக் கூறட்டும். முப்பது முறை நடத்தி மோதல்களைக் குறித்துவந்தால், கணக்கிட்ட அளவிற்கு அருகில் விடை அமையக் காணலாம்.

அகச்சிவப்பு இணைப்பின் வழக்கு அருகிப்போனதால், 2018-இல் வெளிவந்த 4.17-ஆம் பதிப்பில் லினக்ஸ் அப்பகுதியை நீக்கிவிட்டது. எனினும், குருட்டாம்போக்கில் முறைவைத்து விடையிறுக்கும் தத்துவம் மறையவில்லை. சுங்கச் சாவடிகளில் ஃபாஸ்டேக் சீட்டுகளைப் படிக்கும் வானொலி அலைக் கருவிகளும் இதே அடிப்படையைக் கொண்டே ஒவ்வொரு சீட்டையும் பிரித்தறிகின்றன.