மக்காச்சோளக் கரிப்பூட்டைப் பூஞ்சை (உஸ்டிலாகோ மேடிஸ்)

கதிரில் மணிகள் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டிகள். முற்றி வெடித்தால் உள்ளே கரித்தூள் போன்ற வித்துகள். மெக்சிகோவில் இளங்கட்டிகளைப் பறித்து விரும்பிச் சமைக்கிறார்கள். வேறு பல நாடுகளில் இது வெறும் பயிர்நோய்தான்.

செடிக்கு வெளியே இப்பூஞ்சை ஈஸ்டைப் போல மொட்டுவிட்டுப் பெருகும். 1950ஐ ஒட்டி, கனடாவின் சஸ்கட்டூன் நகர ஆய்வகத்தில் அப்படி வளர்த்தபோது கரைசலில் சேர்ந்ததுதான் உஸ்டிலாஜிக் அமிலம். இரண்டு குளுக்கோஸ் அலகுகளோடு ஒரு நீண்ட கொழுப்பு அமிலம் பிணைந்த இச்சேர்மம் பல பூஞ்சைகளின் வளர்ச்சியைத் தடுக்கிறது. நைட்ரஜன் குறைந்தால்தான் அதிகம் சுரக்கும்.

நோய் பரப்பும் உயிரிடம் மருந்தைத் தேடுவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் இலைப்பரப்பில் இடத்துக்கும் உணவுக்கும் கடும் போட்டி. எதிரியை விரட்டும் வேதிப்பொருள் அங்கே பிழைப்புக்கான கருவி. ஜெர்மன் ஆய்வாளர்கள் 2007இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். தக்காளி இலையில் சாம்பல் பூசணத்தோடு சேர்த்து இட்டபோது கரிப்பூட்டைப் பூஞ்சை அதை அடக்கியது. இந்த அமிலத்தை உருவாக்கும் திறனை மரபணு மாற்றத்தால் இழந்த பூஞ்சைகளால் அது முடியவில்லை. பூசணம் இலையில் பரவியது.