இம்ப்ளான்ட் பல்: கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்

வாணியம்பாடியில் 2023-இல் ஒரே பல் கிளினிக்குக்குப் போய்வந்த 10 பேரை மூளைத் தொற்று தாக்கியது. 8 பேர் இறந்தார்கள். கிருமிநீக்கம் செய்யாத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, மிச்சத்தை அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்தியதை 2025-இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. அந்தத் தொற்றின் பெயர் மெலியாய்டோசிஸ். அதன் கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. நெல்வயல் அதற்கு உகந்த இடம். சர்க்கரை நோயாளிகளையே அது அதிகம் பிடிக்கும். நெல்வயல் சூழ வாழும் தஞ்சை, திருவாரூர், நாகைக்காரர்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்பில் துளையிட்டுப் பொருத்தும் டைட்டானியம் திருகு. துளையிடும்போது எலும்பு சூடாகாதிருக்கச் சலைன் விட்டுக்கொண்டே இருப்பார்கள். அதனால், "டாக்டர், புது பாட்டிலா? எங்க கண் முன்னாடியே பிரிங்க" என்று கேளுங்கள். இதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

திருகு எலும்போடு பிடிக்க வழக்கமாக 3 முதல் 6 மாதம் ஆகும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும், பீடி, வெற்றிலையோடு புகையிலை என்று பழகியவர்களுக்கும் அது பிடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். எலும்பு மெலிவு நோய்க்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கீழ்த்தாடையில் துளை ஆழமாகப் போனால் நரம்பு அடிபட்டு உதடு மரத்துப்போகலாம். மருந்தின் மரப்பு இறங்கவேண்டிய நேரம் தாண்டியும் உதட்டில் உணர்வு திரும்பாவிட்டால், அன்றே மருத்துவரிடம் போய்ச் சொல்லி, சீட்டில் எழுதி வாங்குங்கள்.

விலையைக் கேட்கும்போது திருகு, அதன் மேல் பொருத்தும் பல், ஸ்கேன், எலும்புத்தூள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இதற்காக நகையை அடகு வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நன்றாகப் பொருந்திய பல் செட்டிலும் சாப்பிட முடியும். பிரிட்ஜும் உண்டு, ஆனால் அதற்குப் பக்கத்துப் பற்களைச் சீவ வேண்டியிருக்கும். இன்னொரு மருத்துவரின் கருத்து வேண்டுமென்றால் புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மாற்று வழிகளையும் ஆபத்தையும் விளக்கிய பிறகே சம்மதம் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தீர்ப்பளித்தது. புரியாத ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ரசீது, எக்ஸ்ரே, திருகுப் பெட்டியின் லாட் எண் ஒட்டிய ஸ்டிக்கர் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். திருகு ஆடினால் அது எந்த நிறுவனத்தின் எந்த அளவு என்பதை அந்த ஸ்டிக்கர்தான் சொல்லும்.

கட்டணம் வாங்கிச் செய்த சிகிச்சையில் அலட்சியம் நடந்திருந்தால் 2 ஆண்டுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். சிகிச்சை சென்னையில் நடந்திருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்க 2019 சட்டம் இடம் தருகிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமும் இல்லை. வழிகேட்க 1915-ஐ அழைக்கலாம். மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலுக்குப் போக வேண்டும். ஆனால் இழப்பீடு அங்கே கிடைக்காது, அதை நுகர்வோர் ஆணையத்தில் கேட்கலாம்.