அப்பா ஒளித்து வைத்த மாயாவி

பெற்றோர் தொடவிடாத ஒரு கதைப் புத்தகம், தலை நரைத்த பிறகு மீண்டும் நம் கைக்கு வருகிறது. ஆசை தீரப் படிக்கிறோம். பிறகு ஒரு கேள்வி எழுகிறது. இதை ஏன் தடுத்தார்கள்? இன்று அதைத்தான் பேசப் போகிறோம்.

லாபிஸ் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு அந்தப் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'. சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழாக 1972 ஜனவரியில் வெளிவந்தது. மூலக்கதை 1962இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கியது. படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹேசுஸ் பிளாஸ்கோ. விபத்தில் வலக்கையை இழந்த லூயிஸ் கிராண்டேலுக்கு இரும்புக்கை பொருத்துகிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் தெரியும்.

சித்திரக் கதை மீதான பயம் உலகம் முழுவதும் இருந்தது. காமிக்ஸ் பிள்ளைகளைக் குற்றவாளி ஆக்குகிறது என்று அமெரிக்க மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்த்தாம் 1954இல் நூல் எழுதினார். அதே ஆண்டு அங்கே பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதித்துக்கொண்டார்கள். 1955இல் இங்கிலாந்து சட்டமே இயற்றியது. ஆனால், வெர்த்தாம் தம் சான்றுகளைத் திரித்திருந்தார் என்பதை ஆய்வாளர் கேரல் டில்லி 2012இல் வெளிப்படுத்தினார்.

நம் பெற்றோர் வெர்த்தாமைப் படித்தவர்களா? இல்லை. அவர்கள் பயம் வேறு. விடியுமுன் பால்மரம் சீவப் போனவர்கள் அவர்கள். பிள்ளைக்குத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, அடுத்துப் புகுமுக வகுப்பு, பிறகு மலாய் மொழியில் இடைநிலைப்பள்ளி. நடுவில் சறுக்கினால் மறுபடியும் அதே மரம், அதே வாளி. ஆகவே பாடநூலுக்குள் செருகியிருந்த மாயாவி அவர்கள் கண்ணுக்கு எதிரியாகத் தெரிந்தான். அது வெறுப்பு அல்ல, கவலை.

ஆனால் ஒன்றை அவர்கள் பார்க்கவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலில்தான் பிள்ளை எழுத்துக் கூட்டி வேகமாகப் படிக்கப் பழகியது. தேர்வுக்குப் படித்த தமிழ் தேர்வோடு போனது. ஆசைக்குப் படித்த தமிழ் இன்றும் நாளிதழைக் கையில் எடுக்க வைக்கிறது.

பெரியவராகி மீண்டும் படிக்கும்போது இன்னொன்றும் தெரிகிறது. கிராண்டேல் முதலில் நல்லவன் அல்லன். கிடைத்த சக்தியைக் குற்றம் செய்யவே பயன்படுத்துகிறான். பின்னர்தான் திருந்தி, நன்மைக்காகப் போராடும் உளவாளியாகிறான். சிறு வயதில் மறையும் வித்தையை மட்டும் ரசித்தோம். தவறியவனும் திருந்தலாம் என்ற செய்தி இப்போதுதான் கண்ணில் படுகிறது. அன்று அருகில் ஒரு பெரியவர் உட்கார்ந்து, "இவன் செய்வது சரியா?" என்று கேட்டிருந்தால் அப்போதே புரிந்திருக்கும்.

முத்து காமிக்ஸ் 2022இல் பொன்விழா கண்டது. அன்று மாயாவி இருந்த இடத்தில் இன்று கைத்தொலைபேசி இருக்கிறது. நம் கவலையும் நம் பெற்றோரின் கவலையைப் போல நியாயமானதுதான். ஆனாலும் பிடுங்கி ஒளித்து வைப்பதற்கு முன்பு பத்து நிமிடம் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். என்ன பார்க்கிறான், எது பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது என்று கேளுங்கள். தடுக்க வேண்டியது எது, கூட இருந்து படிக்க வேண்டியது எது என்பது அப்போது தானாகத் தெரியும்.